பிராங்க்ஃபர்ட்டில் 4 மணி நேரம், நைஜீரிய பாஸ்போர்ட்

விமான நிலையத்தை விட்டு வெளியே போகப்போவதில்லை, அப்புறம் எதற்கு விசா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் லாகோஸிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாக மும்பை வரும் உங்கள் சக ஊழியரிடம் இருப்பது நைஜீரிய பாஸ்போர்ட், அதனால் விசா வேண்டும். ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள், ஜெர்மனியும் அதில் ஒன்று) பொதுவாக வைத்திருக்கும் 12 நாட்டுப் பட்டியலில் நைஜீரியாவும் இருக்கிறது (கானா, எத்தியோப்பியா, இலங்கைகூட உண்டு), அந்த நாட்டுக்காரர்கள் டிரான்சிட் பகுதியில் (விமானம் மாறுபவர்கள் காத்திருக்கும் இடம்) நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கே தனி விசா எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு, முதலில் அதைக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் தரவரிசையைப் பார்த்து ஏமாற வேண்டாம். விசா இல்லாமல் போகலாம் என்று அதில் காட்டும் நாடுகளில் நல்ல பங்கு நைஜீரியாவும் உறுப்பினராக உள்ள எகோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் நாடுகள்; கானாவிலோ செனகலிலோ 90 நாள் தங்கலாம், பிராங்க்ஃபர்ட்டில் அது உதவாது.

இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் இன்னும் சிக்கல். பெட்டியை எடுத்து மறுபடி போட குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டும், அதற்கு முழு ஷெங்கன் விசாவே தேவைப்படும். செக்-இன் கவுன்டரில் டிமாட்டிக்கில் (விமான நிறுவனங்கள் விசா விதிகளைச் சரிபார்க்கும் கணினித் தொகுப்பு) தட்டிப் பார்த்துவிட்டு லாகோஸிலேயே நிறுத்திவிடுவார்கள், என் நண்பர் ஒருவர் அப்படித்தான் பெட்டியோடு வீடு திரும்பினார்.

அதனால் ஷெங்கனுக்கு வெளியே, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக ஒரே டிக்கெட்டாக மாற்றிவிடுங்கள். எந்த வழி வந்தாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், இல்லாவிட்டால் மும்பையில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.