சர்க்கரைக் கரைசல் அருகிலிருந்தும் இலைவெட்டித் தேனீக்கள் ஏன் இறக்கின்றன?

தருமபுரியில் விலங்கியல் முதுநிலை பயிலும் மாணவி ஒருவர், துவரைக் காட்டில் வலைவீசிப் பிடித்த இலைவெட்டித் தேனீக்களைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சையும் உள்ளே வைத்திருக்கிறார். இரண்டாம் நாளே பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. பூச்சிக்கொல்லிச் சோதனைக்காகப் பத்து நாளாவது அவற்றை உயிரோடு வைத்திருக்க வழி கேட்கிறார்.

நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், அவை பெரும்பாலும் பட்டினியால்தான் இறக்கின்றன. கூட்டமாக வாழும் அடுக்குத் தேனீக்களைக் கூண்டில் வைத்தால், ஒன்று கரைசலைக் கண்டுகொண்டாலே போதும். அது வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் ஊட்டிவிடும். இலைவெட்டியைப் போலத் தனித்து வாழும் தேனீக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், ஒவ்வொரு தேனீயும் உணவைத் தானே கண்டறிந்தாக வேண்டும். பூவின் நிறமும் மணமும் இல்லாத வெள்ளைப் பஞ்சை அது உணவென்று அறிவதில்லை. ஐரோப்பாவில் ஆஸ்மியா என்னும் தனித்தேனீயை வைத்து ஆய்வு செய்தவர்களும் இதே சிக்கலைச் சந்தித்து, உண்மையான பூவின் அடிப்பகுதியில் சிறு குழாயைச் செருகி, அதில் கரைசலை வைத்து உண்ணச் செய்தார்கள். நீங்கள் மருந்து தெளிக்காத காட்டிலிருந்து துவரைப் பூக்களையே பறித்து வந்து இம்முறையைப் பின்பற்றலாம். வெள்ளைச் சர்க்கரையையும் தண்ணீரையும் சம எடையில் கலந்தால் கரைசல் தயார். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனீயின் குடலுக்கு ஒவ்வாதவை, கடைத் தேனில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். நம் ஊர் வெப்பத்தில் கரைசல் விரைவில் புளித்துவிடும் என்பதால் அதை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

அடைபட்ட தேனீ எப்போதும் வெளிச்சத்தை நோக்கியே செல்லும். ஆகவே பூவை இருண்ட மூலையில் வைக்காமல், வெளிச்சம் விழும் பக்கத்தில், மேல்பகுதியில் பொருத்துங்கள். கண்ணாடிக் குடுவையில் கால் வழுக்குவதோடு உள்ளே ஈரமும் கோத்துக்கொள்ளும். வலைத்துணி போர்த்திய சிறு கூண்டே நல்லது. மறுநாள் காலை வரை உண்ணாத தேனீயின் உணர்கொம்பில் மெல்லிய தூரிகையால் ஒரு துளிக் கரைசலைத் தொட்டு வைத்தால், பல நேரங்களில் அது நாக்கை நீட்டும். அப்படியே அதைப் பூவுக்கு அருகில் கொண்டு செல்லலாம்.

அடுத்தது வயது. வளர்ந்த தேனீயின் ஆயுளே சில வாரங்கள்தான். பூவில் பிடிபட்டது எத்தனை நாள் பறந்து களைத்தது என்பதை, இறக்கையின் ஓரம் கிழிந்திருப்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாமே தவிர, உறுதியாகச் சொல்ல இயலாது. வயது தெரியாத தேனீக்களை வைத்துச் செய்யும் நச்சுச் சோதனையின் முடிவை நான் நம்பமாட்டேன். ஆகவே வலையை விட்டுவிட்டுக் கூட்டிலிருந்து தொடங்குங்கள். 6 முதல் 10 மில்லிமீட்டர் உட்துளை கொண்ட நாணல் அல்லது சிறு மூங்கில் துண்டுகளை, ஒரு முனையில் கணு அடைத்திருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். எறும்பு ஏறாதபடி கம்பியில் கிரீஸ் தடவுவது அவசியம். இலைத்துண்டால் வாய் அடைபட்ட குழல்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் இட்டு இறுக்கமாக மூடுங்கள். இதில் அலட்சியம் கூடாது. மெலிட்டோபியா என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒரே ஒரு கூட்டிலிருந்து வெளிவந்தாலும், சிறு இடுக்குகளில் நுழைந்து மற்ற கூடுகளின் புழுக்களையும் அழித்துவிடும். கூரிய வயிற்று முனையுடைய சீலியாக்சிஸ் தேனீ வெளிவந்தால், அது இலைவெட்டியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் இனம், அதையும் பிரித்துவிடுங்கள். வெளிப்புற அறைகளில் பெரும்பாலும் ஆண்களே இருப்பதால் அவையே முதலில் வரும், பெண்களுக்குப் பொறுத்திருங்கள்.

குளிர்நாட்டு நூல்கள் கூடுகளை 4, 5 டிகிரி செல்சியஸில் மாதக்கணக்கில் வைக்கச் சொல்லும். அது குளிர்காலத்தில் உறங்கும் இனங்களுக்கானது. நம் சமவெளித் தேனீக்களின் கூடுகளைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். ஒரு மூடிய பெட்டியில் 28 டிகிரி அளவில் வைத்து, அதற்குள் சமையல் உப்பைக் கரையாமல் எஞ்சும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்தால், ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நிற்கும். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும்.

சோதனைக்கு எடுக்கும்போது, கரைசலை உண்டதை நீங்கள் கண்ணால் கண்ட தேனீக்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் பசியால் வந்த இறப்பும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். கையாளுமுன் சில நிமிடம் பனிக்கட்டிமேல் குளிரவைத்தாலே அடங்கிவிடும். மயக்குவதற்குக் கரியமில வாயு தேவையில்லை. மருந்தை அசிட்டோனில் கரைத்தால், மருந்து இடாத ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு அசிட்டோனை இடுங்கள்.

ஆடிப்பட்டத்துத் துவரை பூக்குமுன், புரட்டாசியிலேயே குழல்களைத் தொங்கவிடுவது நல்லது. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தின் எல்லைக்குள் வைப்பதாக இருந்தால், முதலில் வனத்துறையின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். உழவர் நிலமாயின், அந்தக் காட்டில் எந்த மருந்து எப்போது தெளிக்கப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.