வாசகர் கேள்வி: எண் கூடினால் நல்லதா?

கேள்வி: மகள் கோணேசபுரி கம்பஸில் சித்த மருத்துவம் படிக்கிறாள். வல்லாரை, முடக்கொத்தான், ஆடாதோடை மூன்றின் சாற்றையும் அன்டிஒக்சிடன்ட் சோதனைக்குப் போட்டார்களாம். வல்லாரைக்குத்தான் எண் கூட வந்ததாம். அப்போ வல்லாரைதானே திறம்? இனித் தினமும் கஞ்சி காய்ச்சட்டுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு அக்கா. அவர்கள் செய்தது டி.பி.பி.எச். சோதனையாக இருக்கும். டி.பி.பி.எச். என்பது மெதனோல் என்ற மதுசாரத்தில் கரைத்தால் கடும் ஊதாவாக நிற்கும் ஒரு சுயாதீன மூலிகம், அதாவது சோடி சேராத ஓர் இலத்திரனோடு அலைவது. இலைச்சாற்றிலுள்ள பினோல் வகைப் பொருள்கள் அதற்கு ஐதரசனையோ இலத்திரனையோ கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும், இப்படி மூலிகத்தை அடக்கும் பொருளைத்தான் அன்டிஒக்சிடன்ட் என்பார்கள். வழக்கமாக அரை மணித்தியாலம் இருட்டில் வைத்துவிட்டு 517 நனோமீற்றர் ஒளியில் எவ்வளவு வெளுத்தது என்று அளப்பார்கள். அந்த மூலிகத்தில் பாதியை அடக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் மகள் சொன்ன எண், ஐ.சி.50 என்பார்கள். கொஞ்சச் சாறே போதுமென்றால் அதுதான் வலுவானது, ஆகவே எண் குறையக் குறையத் திறம்.

அதே நாளில் அதே கரைசலில் விற்றமின் சீயையும் வைத்துப் பார்த்தார்களா என்று மகளிடம் கேளுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பச்சை இலைச்சாற்றுக்குச் சொந்த நிறமும் உண்டு, டி.பி.பி.எச். இல்லாமல் சாற்றை மட்டும் தனியே அளந்து அதைக் கழிக்க வேண்டும்.

கஞ்சி விஷயம் வேறு. ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் மெதனோலில் சாறு எடுப்பார்கள், அது நஞ்சு. நீங்கள் காய்ச்சுவது தண்ணீரில், இறங்கும் பொருள்களும் வேறு. அதையும் தாண்டிக் குடலும் ஈரலும் இந்தப் பொருள்களை மாற்றிவிடும், இரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். உண்மையில் வெறும் பிளேன்ரீயை ஊற்றினாலே அந்த ஊதா பறந்துவிடும்! இப்படிக் குழாயில் அளந்த எண்களை வைத்து உணவுகளை வரிசைப்படுத்திய அட்டவணையை அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012இல் தன் இணையத்தளத்திலிருந்தே எடுத்துவிட்டது, அந்த எண்கள் உடம்பில் நடப்பதைக் காட்டவில்லை என்று. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீற்றா கரோட்டீன் என்ற அன்டிஒக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 1994இல் வந்த முடிவில் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

வல்லாரைச் சம்பல் ருசிக்காகச் சாப்பிடுங்கள், தாராளமாக. ஆனால் ஆடாதோடை அப்படியில்லை, கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாரும் இருந்தால் கஷாயத்தைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: சோதனைக்குக் கொடுக்கும் இலையை வெயிலில் காயவைக்கலாமா?
- மாணவன், நிலாவெளி

பதில்: வேண்டாம், நிழல்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலிலேயே மொறுமொறுவென்று காய்ந்துவிடும். மாரியில்தான் கரைச்சல், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், அப்போது 40 பாகை அளவில் சூடேற்றும் பெட்டியில் (oven) வைத்து எடுங்கள்.