மனநல கிளினிக்கில் கூட்டம் கூடும் மாதமும் குறையும் மாதமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தஞ்சாவூரில் மனநல மருத்துவராக 18 வருடமாக ஓ.பி. பார்க்கிறேன். எந்த மாதத்தில் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதைப் பற்றி மருத்துவர்களிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

புதுக்கோட்டையில் கிளினிக் திறந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஆவணி வரை தினமும் 25 பேர் வந்தார்கள். ஐப்பசி பிறந்ததும் எட்டு, பத்து பேர்தான். நான் ஏதாவது தப்பு செய்கிறேனா டாக்டர்?

உங்கள் மேல் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் முழுக்க இதே கதைதான். மழை, தீபாவளிச் செலவு, வயலில் நடவும் களையெடுப்பும் எல்லாம் ஒன்றாக வந்துவிடும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி உங்களிடம் வர யாருக்கும் முடியாது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, கையில் பணம் வரும் தை, மாசியில் கூட்டம் தானாக வரும்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. வராதவர்களுக்குக் குணமாகிவிடவில்லை, மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரீனியா) மாத்திரை சாப்பிடுகிறவர் நிறுத்தினால் மறுநாளே எதுவும் தெரியாது, சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் தூக்கம் கெட்டு, சந்தேகம் கூடி, ஒரு நாள் நான்கு பேர் பிடித்துக்கொண்டு வரும் நிலையில் வருவார். பல வருடம் நான் தை மாதக் கூட்டத்தைத் தனியாகவும் ஐப்பசி வெறிச்சோடலைத் தனியாகவும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பழைய நோட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, தையில் மோசமான நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஐப்பசியில் வராமல் விட்டவர்கள். கஜா புயல் அடித்த 2018 நவம்பரிலும் அப்படித்தான், அந்த மாதம் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து யாருமே வரவில்லை, தென்னந்தோப்பை இழந்தவர்கள் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று பொங்கலுக்குப் பிறகுதான் வந்தார்கள்.

அதனால் இப்போது புரட்டாசி கடைசியிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறேன். நன்றாக இருக்கிறவர், வீட்டில் மாத்திரையை வாங்கி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது என்றால் இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுப்பேன். தற்கொலை எண்ணம் இருந்தவர்களுக்கு மட்டும் அப்படிக் கொடுப்பதில்லை. மாத ஊசி போடுகிறவர்களின் தேதி தீபாவளி வாரத்தில் விழுந்தால் முன்கூட்டியே பேசி வேறு நாள் குறித்துவிடுவோம். பத்து நாள் தாண்டியும் வராதவர்களுக்கு எங்கள் சிஸ்டர் போன் பண்ணுவார், ஆனால் எந்த நம்பருக்குப் பண்ணலாம், யார் பேசுவதாகச் சொல்லலாம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இங்கே வருவது மாமியார் வீட்டுக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர். காசு இல்லாமல் நின்றுவிட்டவர் என்றால் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். உங்களிடம் ஒரு ஆள் குறைவார், பரவாயில்லை, அவர் மாத்திரையை விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

என் வீட்டுக்காரர் 12 வருடமாகத் தினமும் குடிக்கிறார். இந்தக் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுவதாகச் சொல்கிறார். அப்படியாவது குடி நிற்கும் என்று சந்தோஷமாக இருக்கிறது. மருத்துவமனைக்கும் போக வேண்டுமா?

கண்டிப்பாகப் போக வேண்டும் அம்மா, அதுவும் மாலை போடுவதற்கு முன்னாலேயே. நவம்பர் மூன்றாவது வாரத்தில் எங்கள் ஓ.பி.க்கு வருகிற ஒரு கூட்டமே மாலை போட்டுக் குடியைத் திடீரென்று நிறுத்தியவர்கள்தான்.

விரதம் நல்ல விஷயம், அவருடைய மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் தினமும் சாராயத்துக்குப் பழகிய மூளை அதைத் திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த அன்றே, அல்லது மறுநாள் காலையில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர் நேரம், இடம் தெரியாமல் பிதற்றுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காற்றில் எதையோ பிடிப்பார்கள். இதற்கு டெலீரியம் என்று பெயர், சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆவதால் "சாமி வந்திருக்கிறது", "தீட்டுப் பட்டுவிட்டது" என்று குருசாமியிடம் கூட்டிப் போய் ஒரு நாள் முழுக்க வீணாகிவிடுகிறது. அந்த ஒரு நாள்தான் முக்கியமான நாள். 2020 மார்ச்சில் ஊரடங்கில் டாஸ்மாக் கடைகளை மூடியபோதும் இதையேதான் பார்த்தோம்.

மருத்துவர் ஏழு முதல் பத்து நாளுக்குக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரையும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார். முன்பே வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர் என்றால் மருத்துவமனையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெடுமோ என்று அவர் தயங்கினால் அவருடைய குருசாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பேசிப் பார்த்த குருசாமிகளில் ஒருவர்கூட மறுத்ததில்லை. அப்புறம், மலைக்குப் போய் வந்து மாலை கழற்றும் நாளுக்கு மறுநாளே ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வையுங்கள். 41 நாளும் குடிக்காதவர் அன்றைக்குத்தான் வழுக்குவார்.

டொரண்டோவில் இருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் மனம் சோர்ந்து, ஓயாமல் தூக்கம், ஓயாமல் பசி. ஊரில் இருந்தவரை இப்படி இருந்ததில்லை.

குளிர்காலத்தில் பகல் சுருங்குவதால் வரும் மனச்சோர்வு இது. நார்மன் ரோசந்தாலும் அவருடன் இருந்தவர்களும் 1984-இல் இதை விவரித்து எழுதினார்கள். தஞ்சாவூரில் பகல் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை, இங்கே நான் இதை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. அங்கே உங்கள் மருத்துவரிடம் ஒளி சிகிச்சை பற்றிக் கேளுங்கள், 10,000 லக்ஸ் விளக்கு முன்னால் காலையில் அரை மணி நேரம் உட்காருவது வழக்கம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டு என்றால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த விளக்கு சிலரை மறுபடி அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

அம்மா பைபோலாருக்கு (அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் சாப்பிடுகிறார். போன அக்னி நட்சத்திரத்தில் வாந்தி, தள்ளாட்டம் என்று சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வெயிலுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் உண்டு. வேர்வையில் தண்ணீரும் உப்பும் போய் உடல் வறண்டால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் ஏறிவிடும். கோடையில் எங்களிடம் வரும் அவசரங்களில் இது ஒன்று. சித்திரை பிறந்ததும் ஒரு தடவை ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்துவிடுங்கள், முந்தைய வேளை மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தண்ணீர், மோர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கவே வேண்டாம், அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். கை அதிகமாக நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, வாந்தி பேதி வந்தாலோ அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பையன் பிளஸ் டூ. பரீட்சை முடியட்டும், ஏப்ரலில் கூட்டி வருகிறேன் என்று நினைத்திருக்கிறேன். தூக்கமில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள். எல்லாரும் இப்படி நினைப்பதால்தான் எனக்கு மார்ச்சில் பிள்ளைகள் குறைந்து, மே மாதம் ரிசல்ட்டும் நீட்டும் சேர்ந்து வரும்போது இடமே இல்லாமல் போகிறது. டிசம்பரில் வந்திருந்தால் பரீட்சையையே நிம்மதியாக எழுதியிருப்பான் என்று நான் வருத்தப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். மருந்து வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நிறையப் பேருக்கு மருந்தே வேண்டியிருக்காது, பேசினால் போதும். பரீட்சையில் ஃபெயில் ஆனாலும் துணைத்தேர்வு சீக்கிரமே வரும் என்பதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். "நான் இருந்து என்ன" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். ராத்திரி எந்த நேரமானாலும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம்.

அமாவாசை அன்று நோய் கூடும் என்கிறார்களே?

என் அனுபவத்தில் இல்லை. அன்று வீட்டில் எல்லாரும் நோயாளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதால் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. கோயிலுக்குப் போங்கள், தடையில்லை, மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆவணி, தை முகூர்த்தங்களுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் புதுப்பெண்கள் மறுபடி நோயோடு வருவதை வருடா வருடம் பார்க்கிறேன், கல்யாண வீட்டுத் தூக்கமின்மையும் மாத்திரை நிறுத்தியதும் சேர்ந்துதான் அப்படிக் கொண்டுவந்து விடுகிறது. நிறுத்தாதீர்கள். இப்போதே, ஆனியிலேயே அவளைக் கூட்டி வாருங்கள், ராத்திரி ஒரே வேளையாக மாற்ற முடிகிறதா என்று பார்க்கலாம். வால்ப்ரோயேட் என்ற மருந்தைச் சாப்பிடுகிறாள் என்றால் அது கருவைப் பாதிக்கும், வேறு மருந்துக்கு மெதுவாக மாற நாள் வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்வது பற்றி அவளோடு தனியாகப் பேசுகிறேன், எப்போது, எப்படிச் சொல்வது என்று அவளே முடிவு செய்யட்டும். அவள் விரும்பினால் மாப்பிள்ளையையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள், நானே விளக்கிச் சொல்கிறேன்.