ஆளும் கட்சி அதேதான், தலைவர் மட்டும் மாறினால் அரசின் கொள்கை மாறுமா?

மாறும், ஆனால் எல்லாம் மாறாது. எங்கள் திருகோணமலை இரண்டையும் கண்டிருக்கிறது.

1987 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தார், இந்திய அமைதிப்படை வந்தது. 1989 ஜனவரியில் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாச ஜனாதிபதியானார். பாராளுமன்றப் பெரும்பான்மையும் அதே கட்சியிடம்தான். ஆனால் படை வெளியேறியே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையினர் கப்பலேறியது எங்கள் துறைமுகத்தில்தான். நிறைவேற்று அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் வெளியுறவும் பாதுகாப்பும் இப்படி விரைவாகத் திசை மாறும்.

இரு நாடுகள் எழுதிக்கொண்டது அவ்வளவு எளிதில் அசையாது. திருகோணமலையின் சீனன்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது சேமிப்புத் தொட்டிகளை, கூட்டாகச் சீரமைப்பது பற்றி அதே 1987 ஒப்பந்தத்தோடு இரு நாடுகளும் பரிமாறிய கடிதங்களில் எழுதினார்கள். எத்தனையோ தலைவர்கள் மாறிய பிறகும் அந்தப் பேச்சு சாகவில்லை. 2022 ஜனவரியில் கூட்டு நிறுவனத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது.