இறுக்கினால் மட்டும் போதுமா? கிரிக்கெட் கவசங்கள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தையல் கூடத்தில் உள்ளூர் கிரிக்கெட் அகாடமிக்காகத் தொடைப் பேடு தைக்கிறோம். 12 முதல் 16 வயது வரை எல்லாப் பையன்களுக்கும் ஒரே பேடு பொருந்த வேண்டும் என்கிறார்கள். எலாஸ்டிக், வெல்க்ரோ வைத்துத் தைத்தோம். இரண்டு ரன் ஓடியதும் பேடு முழங்காலுக்கு இறங்கிவிடுகிறது. எங்கே தவறு? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: தையலில் தவறில்லை, தொங்கவிட்ட இடம்தான் தவறு. தொடை மேலே பருத்து, கீழே ஒடுங்கும். அதைச் சுற்றிக் கட்டிய பட்டை ஓட ஓட ஒடுங்கிய பக்கம் நழுவத்தான் செய்யும். இன்னும் இறுக்கினால் கால் மரத்துப்போகும், நழுவுவது நிற்காது.

பேடின் எடையை இடுப்புக்குக் கொடுங்கள். இடுப்பெலும்புக்கு மேலே உட்காரும் ஒரு பெல்ட்டும், அதிலிருந்து பேடின் மேல் விளிம்புக்கு இறங்கும் ஒரு செங்குத்துப் பட்டையும் வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைப்பது அந்தச் செங்குத்துப் பட்டையில்தான். தொடையைச் சுற்றும் இரண்டு பட்டைகளுக்கு, பேடு விலகாமல் ஒட்டிப் பிடிக்கும் வேலை மட்டும் போதும். உட்புறம் சிலிக்கான் கோடு போட்ட எலாஸ்டிக் கிடைத்தால் மேல் பட்டைக்கு அதையே போடுங்கள்.

அளவெடுக்கும்போது பையனை நேராக நிற்கவைக்காதீர்கள். மட்டையைப் பிடித்து, முழங்காலை மடக்கி ஆடும் நிலையில் நிற்கச் சொல்லுங்கள். தசை புடைத்துச் சுற்றளவு கூடும். அப்படி எடுத்ததில் மிகச் சிறிய தொடை 42 செ.மீ., மிகப் பெரியது 54 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12 செ.மீ. வெல்க்ரோவின் முள் பகுதி எப்போதும் முழுதாக, 5 செ.மீ. ஒட்டியிருக்க வேண்டும். ஆக பஞ்சுப் பகுதி 5 + 12 = 17 செ.மீ. இரு முனையிலும் ஒரு செ.மீ. கூடுதலாக விட்டு 19 செ.மீ. வெட்டுங்கள். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேன்ட்டையும் தோலையும் பிறாண்டிவிடும். எலாஸ்டிக்கின் இழுவையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தசை புடைக்கும்போது விட்டுக்கொடுக்க அது மிச்சமிருக்க வேண்டும்.

பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூலால், பட்டை சேரும் இடங்களில் சதுரமும் நடுவே பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். துவைக்கும் முன் வெல்க்ரோவை மூடிவிடச் சொல்லுங்கள். முள்ளில் நூல் பிசிறு அடைத்தால் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடலாம்.

இத்தனை செய்தாலும் ஒரே பேடு எல்லோருக்கும் சரிவராது. பட்டை நீளும், பேடுக்குள் அடியைத் தாங்கும் ஃபோம் நீளாது. 20 செ.மீ. அகல ஃபோம் 42 செ.மீ. தொடையில் ஏறக்குறைய பாதியை மூடும். 54 செ.மீ. தொடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அங்கே பந்து படும் பக்கவாட்டுப் பகுதி திறந்துகிடக்கும். ஃபோமை இரண்டு துண்டாக்கி நடுவில் விரியும்படி செய்யலாமே என்று தோன்றும். பெரிய பையனுக்கு விரிக்கும்போது பிளவு விழும் இடத்தில்தான் அடி விழும். துண்டாக்கியே தீர வேண்டுமென்றால், முழுக்க விரித்த நிலையிலும் 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். அதைவிட, சிறியது, பெரியது என்று இரண்டு அளவு தைப்பதே மேல். அகாடமிக்காரர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: மகளுடைய ஹெல்மெட்டின் பின்புற டயலை முழுக்கத் திருகியும் ஆடுகிறது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினோம். (ஒரு வாசகி, மதுரை)

பதில்: டயல் தலையின் சுற்றளவை மட்டுமே பிடிக்கும். உச்சியில் இருக்கும் இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. புருவத்துக்கு மேலே டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். அந்த எண், ஹெல்மெட் லேபிளில் உள்ள வரம்பின் நடுவில் விழுந்தால் இரண்டு பக்கமும் திருக இடமிருக்கும். முழுக்கத் திருகியும் ஆடினால் அளவு தப்பு. மாற்றத்தான் வேண்டும். உள்ளே துணி திணிக்காதீர்கள்.

குதிரைவால் கொண்டையையும் பாருங்கள். டயல் உட்காரும் இடத்தில் முடிச்சு இருந்தால் ஹெல்மெட் முன்னே சாய்ந்து கண்ணை மறைக்கும். பிறகு பிள்ளை தானாகவே அதைப் பின்னே தள்ளிவிட்டுக்கொள்ளும், நெற்றி திறந்துவிடும். கழுத்தோரம் தாழ்வாகப் பின்னினால் தீர்ந்தது.

பார்வைக்கு வசதி என்று, முகத்துக்கு முன்னே இருக்கும் கம்பித் தடுப்பான கிரில்லின் திருகைத் தளர்த்தி இடைவெளியைக் கூட்டவே கூடாது. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ., அதாவது விட்டம் 7 செ.மீ.க்குச் சற்று மேல். சிறுவர் பந்து அதைவிடச் சிறியது. வேகமாக வரும் பந்து கொஞ்சம் நசுங்கும், கிரில் கொஞ்சம் வளையும். அதனால் பந்தைவிடச் சற்றுச் சிறிய இடைவெளியிலும் அது புகுந்துவிடலாம். பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 7928:2013இல், கிரில்லுக்கும் ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் இடையே பந்து புகுந்து முகத்தைத் தொடுகிறதா என்று சோதிக்கிறார்கள். லேபிளில் எந்தப் பந்துக்குச் சோதித்தது என்றும் இருக்கும். மகள் இரண்டு வகைப் பந்திலும் ஆடினால் இரண்டுக்கும் தேறிய கிரில்லாக வாங்குங்கள்.

கழுத்துக் காப்பு தனியாக மாட்டுவது. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்த பிறகே அது பரவலானது. மாட்டிய பின் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அது சட்டைக் காலரில் முட்டி ஹெல்மெட்டை முன்னே தள்ளக் கூடாது.

கேள்வி: கால் பேடு வாங்கும்போது மொத்த உயரம் பார்ப்பதா, வேறு ஏதாவதா? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முழங்கால் சில்லுதான் முக்கியம். ஷூ போட்டு, ஆடும் நிலையில் நிற்கும்போது சில்லு பேடின் முழங்கால் மடிப்புகளில் நடு மடிப்புக்குள் உட்கார வேண்டும். பட்டைகளால் பேடை அகலவாக்கில் மட்டுமே சரிசெய்ய முடியும், நீளத்துக்கு வழியில்லை. பட்டையின் முனை காலின் வெளிப்பக்கம் வரட்டும். உட்பக்கம் வந்தால் ஓடும்போது மற்றக் காலில் மாட்டும்.

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பால் ஹெல்மெட்டைப் போலக் காற்றடித்துப் பொருத்தினால் என்ன? (ஒரு வாசகர், கோவை)

பதில்: தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பக் காற்றுப் பை படியும் என்பது உண்மைதான். ஆனால் காற்று கசியும், குளிரில் அழுத்தம் குறையும். அதனால் அடிக்கடி பம்ப் வைத்துச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். பெரிய அணிகளில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சைக்கிளில் கிட் பையைத் தூக்கிவரும் பையனுக்கு, சரியான சைஸில் ஒரு டயல் ஹெல்மெட்டே நல்லது.