'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு 645 பொருளா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற சின்னச் சொல்லுக்கு நூற்றுக்கணக்கில் பொருள் உண்டு என்கிறார்களே, உண்மையா? அத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது?

உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்த வினைச்சொல்லைத் திருத்தி முடித்தபோது 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் போல மல்லுக்கட்டினார். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருளோடு முன்னால் நின்றது 'செட்'.

எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். அகராதிக்காரர்கள் நூலிழை வேறுபாட்டையும் தனிப்பொருளாக எண்ணுவார்கள். தவிர, தமிழ் தெரிந்தவருக்கு இதில் கணிசமான பங்கு ஏற்கெனவே தெரியும். ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. எல்லாவற்றுக்கும் 'ரன்' அப்படியே பொருந்தும்.

சிக்கல் எங்கே என்றால், நம்மிடம் 'ஓடு' வேறு, 'ஓட்டு' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஆனால் 'ரன் எ கார்' என்பது கார் ஓட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பெட்ரோல், காப்பீடு, பழுது என்று செலவழித்து ஒரு காரைக் கட்டி மேய்ப்பது.

இன்னொரு பெரிய கொத்து, நீர் வழிவதிலிருந்து வருவது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லான 'ரின்னன்' இன்றைக்கும் ஒழுகுவதையே குறிக்கிறது. மூக்கு ஒழுகினாலும், துவைக்கும்போது துணியில் சாயம் போனாலும் ஆங்கிலத்தில் 'ரன்' வருவது இந்த வழியில்தான். வீட்டில் பால் தீர்ந்துவிட்டால் 'ரன் அவுட்'. கிரிக்கெட் ரசிகர்கள் ஸ்டம்பைத் தேட வேண்டாம். கிரிக்கெட் என்றதும் ஒன்று: பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ரன் ஏறுகிறது. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்து வரும் குட்டிச் சொல்லில் கண் வையுங்கள், ஆளையே மாற்றிவிடும். 'ரன் இன்டு' என்று ஒரு நண்பரின் பெயரோடு வந்தால் அவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். அதே இடத்தில் 'ரன் ஓவர்' என்று போட்டால் வண்டியை அவர் மேல் ஏற்றிவிட்டேன்.

பெயர்ச்சொல்லாக வரும்போது இன்னும் வழுக்கும். மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்துவது என் பிழைப்பு. ஒருமுறை 'வங்கியின் மீது ஓட்டம்' என்று ஒரு பிரதி மேசைக்கு வந்தது. மூலத்தில் இருந்தது 'பேங்க் ரன்': வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க முண்டியடிப்பது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஃபோனிலும் கணினியிலும். 'பணத்தைத் திரும்ப எடுக்க அலைமோதினர்' என்று திருத்திக் கொடுத்தேன்.

கோழிகள் வெளியே போய்விடாதபடி வேலி கட்டிய இடத்துக்கும் 'ரன்' என்றே பெயர். காலுறையில் இழை விட்டுக் கோடாக நீண்டால் அமெரிக்கர்களுக்கு அது 'ரன்', பிரிட்டிஷாருக்கு 'லேடர்', அதாவது ஏணி.

தேர்தலிலும் இந்தப் பிரிவு உண்டு. பிரிட்டனில் வேட்பாளர் நம்மைப் போலவே 'நிற்கிறார்', அமெரிக்காவில் 'ஓடுகிறார்'. அங்கே துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பார்கள். கூடவே ஓடுகிறவர் என்று எழுதிவிடாதீர்கள். அப்படியும் ஒரு பிரதியைப் பார்த்திருக்கிறேன்.