மலையும் குகையும் இல்லாத டெல்டா ரயிலை மாடலாகச் செய்தால் நன்றாக இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

மாடல் ரயில் வீடியோக்களில் எங்கே பார்த்தாலும் மலை, குகை, பனி என்று இருக்கிறது, நம் ஊர்ப் பக்கமோ வெறும் வயல், இதை மாடலாகச் செய்தால் பார்க்க என்ன இருக்கும், செய்வதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாயவரத்துக்காரன். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டெல்டாவில் நிலம்தான் தட்டை. ரயில் பாதை தட்டை கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், வயல் எப்போதும் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஊரில் தண்டவாளத்தைத் தரையோடு போட முடியாது, கரை எழுப்பி அதன்மேல்தான் போடவேண்டும். கரை எழுப்பினால் அதுவே தண்ணீருக்கு அணை ஆகிவிடும், அதனால் வாய்க்கால் வரும் இடத்திலெல்லாம் மதகு, சின்ன வாராவதி, ஆறு வந்தால் பெரிய பாலம். அந்த நாற்பது கிலோமீட்டருக்குள் வீரசோழன், நாட்டாறு, அரசலாறு, திருமலைராஜன் ஆறு, முடிகொண்டான் என்று வரிசையாகக் கடக்கிறோம். ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன, இந்தப் பாதை வடக்கிலிருந்து தெற்கே போகிறது, வேறு வழியில்லை. மலை ரயிலுக்குக் குகை எப்படியோ அப்படி நம் ரயிலுக்கு மதகு. மாடலில் இதைப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

என் முதல் மாடல் சரியாக வராததற்குக் காரணமும் இதுதான். பலகையை அப்படியே தரையாக வைத்து அதன்மேல் தண்டவாளத்தை ஒட்டிவிட்டேன். பச்சை அடித்தேன், தென்னை மரம் நட்டேன், ஸ்டேஷன் வைத்தேன், எல்லாம் இருந்தும் ஊர் வரவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. நிஜத்தில் இரண்டு மீட்டர் உயரக் கரை என்றால் 1:87 அளவில், அதாவது நிஜத்தை 87ல் ஒரு பங்காகச் சுருக்கினால், 2.3 சென்டிமீட்டர், அதாவது கடையில் கிடைக்கும் ஒரு அங்குலத் தெர்மாகோல் ஷீட்டை வெட்டித் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்தாலே போதும். அதைக் கொடுத்து, இரண்டு பக்கமும் சரிவு செதுக்கி, நடுவில் ஒரு இடத்தில் அறுத்து வாய்க்கால் விட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் அம்மா வந்து பார்த்துவிட்டு "இது நம்ம ஆக்கூர் பக்கம் மாதிரி இருக்கேடா" என்றார். நான் செய்ய நினைத்ததும் ஆக்கூர்தான்.

சரி, எந்தப் பாதையைச் செய்வது? இங்கேதான் சரித்திரம் வேண்டும். சரித்திரம் தெரியாமல் செய்தால் 1990 இன்ஜின் 1930 ஸ்டேஷனில் நிற்கும்.

நம் பக்கத்துக்கு ரயில் வந்தது சென்னையிலிருந்து இல்லை, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861ல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதையைத் திறந்தது, அடுத்த வருடமே திருச்சிராப்பள்ளி வரை நீட்டியது. அது ஆறுகளோடு சேர்ந்து கிழக்கு மேற்காகப் போகிற பாதை என்பதைக் கவனியுங்கள். அப்போது அது அகலப்பாதை, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ. 1875ல் அதையே ஒரு மீட்டர் இடைவெளியுள்ள மீட்டர் கேஜாக மாற்றினார்கள். நூற்றிருபது வருடத்துக்கும் மேலாக மீட்டர் கேஜாக ஓடிவிட்டு மறுபடி அகலப்பாதைக்கே வந்திருக்கிறது. ஒரே பாதை, மூன்று பிறவி. அந்தக் கம்பெனிதான் கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து 1874ல் சவுத் இந்தியன் ரயில்வே ஆனது, நம் தாத்தாக்கள் எஸ்.ஐ.ஆர். என்று சொல்வார்களே, அது. அதன் ஒர்க்‌ஷாப் முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது, 1920களின் கடைசியில்தான் திருச்சி பொன்மலைக்குப் போனது.

1894ல் திறந்த மாயவரம்–முத்துப்பேட்டை பாதையைப் போட்டது தஞ்சாவூர் மாவட்ட போர்டு. நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் பணத்தில் ஒரு மாவட்டமே தனக்கு ரயில் போட்டுக்கொண்டது, ஓட்டும் வேலையை மட்டும் எஸ்.ஐ.ஆரிடம் கொடுத்தார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பணம் நம் வயல்களிலிருந்து வந்தது. 1898ல் பேரளம்–காரைக்கால், அது அப்போதைய பிரெஞ்சு எல்லைக்குள் போன பாதை. 1915ல் நீடாமங்கலம்–மன்னார்குடி. 1926ல் மாயவரம்–தரங்கம்பாடி.

உங்களுக்கு நான் சொல்வது இந்தக் கடைசிப் பாதையைத்தான். மாயவரத்தில் பிரிந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகத் தரங்கம்பாடி, சுமார் முப்பது கிலோமீட்டர். 1986ல் மூடிவிட்டார்கள். இது கிழக்கு நோக்கி ஆறுகளின் போக்கிலேயே போவதால் பெரிய பாலங்கள் குறைவு, சின்ன மதகுகள்தான் அதிகம், புதிதாகச் செய்கிறவருக்கு அது பெரிய வசதி. ஒற்றைத் தடம், குட்டி ஸ்டேஷன்கள், கடைசியில் கடலோரம் டேனிஷ்காரர்கள் 1620ல் கட்ட ஆரம்பித்த கோட்டை உள்ள ஊர். வண்டி வந்து நின்றதும் இன்ஜின் கழன்று பக்கத்துத் தடத்தில் சுற்றிவந்து மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு வேலையை மாடலில் செய்வதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். வட்டமாகச் சுற்றும் பாதை போட்டால் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும், அதற்கு இடமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வேண்டும். முனைய ஸ்டேஷன் என்றால் ஒன்றரை அடி அகலம், ஆறடி நீளப் பலகை போதும், பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கலாம்.

முப்பது கிலோமீட்டரையும் செய்ய ஆசைப்படாதீர்கள். 1:87ல் அது 345 மீட்டர் வரும், ஒரு தெரு நீளம். ஒரு ஸ்டேஷன், ஒரு மதகு, ஒரு கேட். அவ்வளவுதான்.

அளவுக் கணக்கைப் புரிந்துகொண்டால் பணம் மிச்சம். உலகத்தில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. அளவு 1:87, அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ., அது வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உண்டானது. நம் அகலப்பாதை அந்தக் கணக்கில் 19 மி.மீட்டருக்கு மேல் வரவேண்டும், அதனால் இந்திய அகலப்பாதை வண்டியை அதில் ஓட்டினால் தண்டவாளம் எப்போதும் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், நிறைய பேர் அதைச் சகித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். மீட்டர் கேஜில் இந்தத் தொல்லை இல்லை. 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5, ஹெச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் (Rhaetian) மலை ரயிலும் நம் தரங்கம்பாடி வண்டியும் ஒரே மீட்டர் கேஜ்தான், அந்த ரயிலுக்காக ஜெர்மனியின் பெமோ கம்பெனி செய்யும் தண்டவாளம் நமக்கு அப்படியே பொருந்தும். விலை அதிகம்தான். அதனால் இரண்டு மீட்டர் நீளம் மட்டும் வாங்குங்கள்.

இன்ஜின்? சுதந்திரத்துக்குப் பிந்தைய மீட்டர் கேஜில் ஒய்.பி. பயணி வண்டிக்கு, ஒய்.ஜி. சரக்குக்கு, அப்புறம் ஒய்.டி.எம்.4 டீசல். மூன்றுமே கடையில் ரெடிமேடாக எளிதில் கிடைக்காது. நான் செய்தது, 12 மி.மீ. தடத்தில் ஓடும் ஒரு பழைய மாடலின் அடிப்பாகத்தை வாங்கி, மேல்கூட்டை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டினேன். ஒய்.டி.எம்.4 பெட்டி மாதிரி இருப்பதால் முதலில் அதைச் செய்யுங்கள், ஸ்டீம் இன்ஜின் கம்பிகளும் வால்வுகளும் இரண்டாவது வருடத்துக்கு இருக்கட்டும். பெட்டிகளை அட்டையிலேயே செய்யலாம், ஒரு பெட்டி 22 செ.மீ. சொச்சம் வரும். மின்சாரம் 12 வோல்ட் டி.சி., நேர் எதிர் மாற்றினால் வண்டி திசை மாறும், ஆரம்பத்துக்கு இது போதும்.

பலகை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மலிவாகக் கிடைத்ததென்று மரத்தூள் அழுத்திய பலகையில் செய்தேன். முதல் ஐப்பசி மழைக்கே ஈரக்காற்றில் ஊதிப்போய், தண்டவாள இணைப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின, ஏழு மாத வேலை. நம் ஊர்க் காற்றுக்கு வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்தான், அதையும் அடிப்பக்கம் உட்பட இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். கடல் காற்றில் தண்டவாளமும் சீக்கிரம் கறுக்கும், கறுத்தால் வண்டி திக்கித் திக்கி ஓடும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும்.

ஜல்லிக்கு வெளிநாட்டுப் பாக்கெட் வாங்காதீர்கள். நிஜ ஜல்லி ஐந்து சென்டிமீட்டர் என்றால் மாடலில் அரை மில்லிமீட்டர் சொச்சம், ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்தால் அந்த அளவு வந்துவிடும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாற்றுக்குத் தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து வெட்டினேன்.

ஆனால் அதற்கு முன்னால் எந்த மாதம் என்று தீர்மானித்துவிடுங்கள். இது முக்கியம் என்று நினைக்கிறேன். ஆடியில் வாய்க்காலில் வரும் புதுத்தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும், தையில் வயல் பொன்னிறம், சித்திரையில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கும், உளுந்து எடுத்த வயல் சாம்பல் நிறம். நீலத் தண்ணீர் எங்கேயும் கிடையாது. நான் ஆடியை எடுத்துக்கொண்டேன், மதகின் அடியில் பழுப்பு பெயிண்ட் அடித்து மேலே நாலு கை வார்னிஷ்.

கடைசியாக, மனிதர்களிடம் கேளுங்கள். எங்கள் தெருவில், ரயிலில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். என் மாடலைப் பார்க்கக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், கைகாட்டி சிக்னலைத் தொட்டு, "என்ன தம்பி, கை மேல தூக்குது?" என்றார்.

"வண்டி வரலாம்னு அர்த்தம் தாத்தா."

"நம்ம பக்கம் கை விழணும்ப்பா. கைகாட்டி விழுந்துருச்சு, வண்டி வருதுன்னுதானே சொல்லுவோம்."

சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கைகாட்டி விழுந்தாச்சா என்று. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து மேலே தூக்கும் கையைச் செய்துவைத்திருந்தேன். அந்த ரகம் இந்தியாவிலும் உண்டு, ஆனால் இங்கே அவர் இயக்கியது கீழே சாயும் ரகம். பேச்சிலேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே பிரித்து மாற்றினேன். அதற்குப் பிறகு அவர் வாரம் ஒருமுறை வந்து ஒற்றைத் தடத்தில் போக அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையத்தை ஓடும் வண்டியில் எப்படி மாற்றுவார்கள், மழையில் மதகை எப்படிக் கண்காணிப்பார்கள் என்றெல்லாம் சொல்லுவார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டு நிறைய மாடல்களுக்குக் காணும். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார், கேங்மேனோ, கேட் கீப்பரோ, ஸ்டேஷனில் டீ விற்றவரோ. பலகை அப்புறம் வாங்கலாம், அவரை முதலில் பாருங்கள்.

திருச்சியில் 2014ல் திறந்த ரயில்வே மியூசியத்துக்கும் ஒருநாள் போய்வாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் செம்பனார்கோயில் பக்கம் மூடிய பாதையைத் தேடிப் போங்கள். பல இடத்தில் கரை இன்னும் மேடாகத் தெரியும். வண்டி ஓடுகிற தண்டவாளத்தில் மட்டும் இறங்கவேண்டாம், 1989ஆம் வருட ரயில்வே சட்டப்படி அது குற்றம், ஆபத்தும்கூட. மூடிய பாதையிலும் யாருடைய வயல் வரப்பு என்று கேட்டுக்கொண்டு நடங்கள். டேப், நோட்டு, குடிக்கத் தண்ணீர். முதலில் கண்ணில் படும் மதகின் உயரம், அகலம், செங்கல் எத்தனை வரிசை என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள், அதைத்தான் முதலில் செய்யப்போகிறீர்கள்.